வயிறு நிறைந்தது, இதயம் பட்டினி

கேள்வி: மூன்று வேளையும் வயிறாரச் சோறு சாப்பிடுகிறவருக்குச் சத்துக்குறைவால் இதயம் செயலிழக்குமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: செயலிழக்கும், அந்தச் சோறு தவிடு போகத் தீட்டிய பச்சரிசியாகவும் தொடுகறி பெயருக்கும் இருந்தால்! அடுப்பு நிறைய விறகு, தீக்குச்சிதான் இல்லை. அந்தத் தீக்குச்சி, தயாமின் என்னும் வைட்டமின் பி1. அது இல்லாமல் மாவுச்சத்து சரிவர சக்தியாக மாறாது. ரத்தக்குழாய்கள் விரிந்து, இதயம் ஓடி ஓடிக் களைக்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும். இதுதான் பெரிபெரி.

1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்ற டாக்டர், பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மீதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பந்தியில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். சம்மதம் கேட்கப்படாத அந்த ஜீவன்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. புழுங்கல் பந்தியில் யாருக்கும் புதிதாக நோய் வரவில்லை. மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பியதும் புழுங்கலால்தான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதே தவிட்டிலுள்ள தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. எந்தப் பாட்டி கண்டுபிடித்தாரோ, அவருக்கு ஒரு நோபல் பாக்கி!

இன்று பெரிபெரி அதிகம் தாக்குவது சாப்பாட்டை மறந்து குடிப்பவர்களையும், ஓயாமல் வாந்தி எடுப்பவர்களையும். நேரத்தோடு தயாமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே இதயம் தேறத் தொடங்கும். ஆகவே, டாக்டரிடம் குடியை மறைக்காதீர்கள்.