வானத்துக் கேள்விகள், தரையிலிருந்து பதில்கள்

கே: ஆவடியில் விமானப்படை நிலையம் என்று பெரிய போர்டு. ஒரு போர் விமானம்கூடக் கண்ணில் படவில்லையே?
– பட்டாபிராம் வாசகர்

ப: ஆவடியில் இருப்பவை பழுதுபார்க்கும் டெப்போவும் பொருள் கிடங்கும். ஒரு போர் விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்ப வேண்டுமானால் அதைச் சுற்றி எரிபொருள் வண்டி, ஜெனரேட்டர், தீயணைப்பு வண்டி, உதிரி பாகம் என்று ஒரு ஊரே தயாராக நிற்க வேண்டும். அந்த ஊரைப் பராமரிக்கும் ஊர்களில் ஒன்று நம்முடையது. காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்.

கே: பிசினஸ் ஜெட்டில் பிசினஸ் கிளாஸ் உண்டா?
– கொரட்டூர் வாசகர்

ப: முழு விமானமே அதுதான். எக்கானமி வேண்டுமானால் இறங்கிவந்து அரக்கோணம் லோக்கல் பிடிக்க வேண்டும்.

கே: அரக்கோணம் பக்கம் பறக்கும் சாம்பல் நிற விமானம் பயணிகள் விமானம் மாதிரியே இருக்கிறதே?
– திருநின்றவூர் வாசகர்

ப: கழுகுக் கண் ஐயா உங்களுக்கு! அது கடற்படையின் பி-8ஐ. பயணிகளை ஏற்றும் போயிங் 737-800தான் அதற்கு மூலம். 2013 முதல் அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் குடியிருக்கிறது. இந்த 737 உடம்பில் 189 சீட் வரை திணித்தால் நீங்களும் நானும் முழங்காலை மடக்கிக்கொண்டு டெல்லி போகலாம். சீட்டைப் பிடுங்கிவிட்டு சோபாவும் படுக்கையும் போட்டால் போயிங் பிசினஸ் ஜெட். பெரிய தலைவர்களை ஏற்றிச் செல்ல நம் விமானப்படையே அப்படி மூன்று வாங்கி டெல்லி ‘பாலம்’ விமானப்படை நிலையத்தில் வைத்திருக்கிறது. சோபாவும் வேண்டாம் என்று ரேடாரும் டார்பிடோவும் ஏற்றினால் நீர்மூழ்கியை மோப்பம் பிடிக்கும் வேட்டைக்காரன். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம்!

ஆனால் என் ஓட்டு இன்னும் இதற்கு முன் அங்கிருந்த டூ-142க்குத்தான். ரஷ்யத் தயாரிப்பு. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர், எண்ணிப் பார்த்தால் மொத்தம் 32 பிளேடு. அது கிளம்பினால் ஊருக்கே தெரியும். 1988இல் நம் கடற்படைக்கு வந்து, 1992இல் அரக்கோணத்துக்குக் குடிபெயர்ந்து, 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றது. ஜெட் வேகமானது, சிக்கனமானது, எல்லாம் சரி. அந்தக் கம்பீரம் வருமா?

கே: ஆவடி என்றால் டாங்கி. விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
– அம்பத்தூர் வாசகர்

ப: வாருங்கள், உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம்தான் தேஜஸ் போர் விமானத்தின் துணைக் கியர்பாக்ஸையும் உருவாக்கியது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் விசை அதன் வழியாகத்தான் போகிறது. கிளம்பிய பிறகு இன்ஜினின் விசை அதே வழியில் திரும்பி வந்து ஹைட்ராலிக் பம்புகளையும் ஜெனரேட்டரையும் ஓட்டுகிறது. அது நின்றால் விமானத்துக்குக் கரண்டும் இல்லை, கைகால் அசைவும் இல்லை. குடியரசு தின அணிவகுப்பில் தேஜஸ் பறக்கும்போது டி.வி.க்காரர்கள் விமானியின் பெயரைச் சொல்கிறார்கள். கியர்பாக்ஸ் எந்த ஊர் என்று ஒருவரும் சொல்வதில்லை. இதை நான் வருடா வருடம் எழுதுவேன்.

கே: ‘சூரரைப் போற்று’ நாயகன் மாதிரி நிஜத்தில் ஒருவர் இருந்தாரா?
– பூந்தமல்லி வாசகர்

ப: இருக்கிறார். படத்தில் அவர் விமானப்படை. நிஜத்தில் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத் தரைப்படைக்காரர். ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்புழு வளர்த்தார், டிபன் கடை நடத்தினார். 1997இல் டெக்கான் ஏவியேஷன் என்று வாடகை ஹெலிகாப்டர் கம்பெனி. 2003இல்தான் ஏர் டெக்கான் என்ற மலிவு விமான சேவை. எல்லாரும் மலிவு டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தவை அந்த ஹெலிகாப்டர் வருடங்கள். படையில் பறந்தவர்களுக்கு வெளியிலும் வானம் உண்டு என்று காட்டிய தொழில் அது.

கே: ஆவடிக்கு மேல் போகும் விமானத்துக்குக் கையசைத்தால் விமானிக்குத் தெரியுமா?
– எட்டாம் வகுப்பு வாசகி, ஆவடி

ப: தெரியாது. நான் இன்னும் அசைக்கிறேன்.

கே: என் கணவர் விமானப்படையில் இருபது வருடம் டெக்னீஷியன். நாற்பது வயதில் வெளியே வரப்போகிறார். ‘இனி என்ன, வாட்ச்மேன் வேலைதான்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.
– திருமுல்லைவாயல் வாசகி

ப: அம்மா, அவர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எண்ணி, ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானத்தை நகரவிடாத பழக்கம் அவர் கையில் ஊறியிருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) நடத்தும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் தேர்வை அவர் எழுதட்டும். மெக்கானிக்கல் என்றால் பி1, மின்னணுப் பக்கம் என்றால் பி2. படையில் பார்த்த வேலை அனுபவமாகக் கணக்கில் வரும். ஆனால் சிவில் விமானத்தில் வேலை பார்த்த அனுபவமும் தனியாகக் கேட்பார்கள். ஆகையால் ஆரம்பத்தில் தன்னைவிடச் சின்னப் பையன்களுக்குக் கீழே, குறைந்த சம்பளத்தில், ராத்திரி ஷிஃப்டில் நிற்க வேண்டி வரலாம். அந்தக் காலத்தில் வீட்டில் நீங்கள் பக்கபலமாக இருங்கள். ஓய்வு வரை காத்திருக்காமல் இப்போதே புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் கைக்கு வந்து, ஒரு பிசினஸ் ஜெட்டுக்கு உரிய பயிற்சியும் முடிந்துவிட்டால், பராமரிப்பு முடிந்த அந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுபவர் அவர்தான். கோடீஸ்வர முதலாளியும் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கே: நம் ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் விமானம் ஓட்டியதுண்டா?
– மாங்காடு வாசகி

ப: உஷா சுந்தரம்! 1949இல் பெங்களூரு ஜக்கூரில் பயிற்சி முடித்தவர். 1951இல் கணவர் கேப்டன் வி.சுந்தரத்துடன் டவ் என்ற சின்ன விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார். சென்னையில் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பைத் தொடங்கிய குடும்பமும் இவர்களுடையதுதான்.

கே: கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும்?
– அயப்பாக்கம் வாசகர்

ப: 200 மணி நேரம். பணம் புரட்ட அப்பா பறக்கும் நேரம் இதில் சேராது.