எண் வலதுசாரி, எழுத்து இடதுசாரி: பராமரிப்புக் கணக்கில் எக்செல் கட்டங்களின் திணைப் பாகுபாடு

அடுக்ககச் சங்கத்தில் பொருளாளர் பதவி யாரும் கேட்டு வாங்குவதன்று. அன்றைய கூட்டத்துக்கு வராதவர் தலையில் விழுவது. பதவியோடு ஓர் எக்செல் கோப்பும் வந்து சேரும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. அதைத் திறப்பவர் முதலில் கற்க வேண்டியது ஃபார்முலா என்பது முன்னோர் கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. கட்டத்தின் திணை அறியாதவருக்கு ஃபார்முலா தெரிவது, தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

திணை இரண்டு. கட்டத்தில் எண்ணைத் தட்டினால் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தைத் தட்டினால் இடப்பக்கம். யாரும் நடுவில் புகுந்து அலைன்மென்டை மாற்றாத வரை இந்த அரசியல் மாறாது. ஆகவே எண் வலதுசாரி, எழுத்து இடதுசாரி என்க.

இனி எடுத்துக்காட்டு. நம்மவர் தொகை எழுதினால் '2500/-' என்றுதான் எழுதுவர். பின்னால் இன்னோர் இலக்கத்தை எவனும் சொருகிவிடக் கூடாதே என்று காசோலையில் போட்டுப் பழகிய கோடு அது. எக்செல்லுக்கு இந்த முன்ஜாக்கிரதை விளங்குவதில்லை. கோடு விழுந்ததும் தொகை எழுத்தாகி இடப்பக்கம் தாவிவிடும். சம் ஃபார்முலாவோ எழுத்தைக் கண்டால் சண்டை போடாது, பேசாமல் தாண்டிப் போகும். எல்லாக் கட்டத்திலும் கோடு போட்டவருக்கு விடை பூஜ்யம். அவர் பிழைத்தார், தவறு கண்ணில் பட்டுவிடும். நான்கு வீட்டுக்கு மட்டும் கோடு போட்டவருக்கோ பார்த்தால் நம்பும்படியான ஒரு தப்புத் தொகை கிடைக்கும். அதுதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். வெறும் 2500 என்று அடித்துவிட்டு, ரூபாய்க் குறியை ஃபார்மட்டில் வைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

திணை மயக்கம் இதனினும் கொடியது. சென்னையில் பல வீடுகளுக்குப் புதிய எண், பழைய எண் என இரண்டு உண்டு. '12/7' என்று முகவரியைத் தட்டி என்டரை அழுத்தினால், இந்திய முறைத் தேதி வைத்த கணினியில் வீடு ஜூலை 12 ஆகிவிடும். பதறிப்போய் அதை எண்ணாக்கினால், தட்டியது 2025-ல் என்றால், 45850 என்று வரும். காரணம், எக்செல்லில் தேதி என்பது வேடமிட்ட எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிய நாள்கணக்கு. (அக்கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்ற, உலகில் விடியாத ஒரு நாளும் அடக்கம். லோட்டஸ் 1-2-3 செய்த பிழையை, அதனோடு ஒத்துப்போக வேண்டுமென்று எக்செல் தெரிந்தே தத்தெடுத்துக்கொண்டது.) கட்டத்தை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' ஆக்குவதோ, முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள்குறி இடுவதோ வீட்டைக் காப்பாற்றும். சென்னையின் 044 தன் பூஜ்யத்தை இழக்காமலிருக்கவும் இதே மருந்துதான்.

படிக்காதவர் செய்யும் பிழை என்று இதை ஒதுக்க முடியாது. மார்ச்1, செப்ட்2 என்ற சுருக்கப் பெயர்கொண்ட மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக்கிக்கொண்டே இருந்தது. மரபணுப் பட்டியல்களை எக்செல்லில் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020-ல் பெயர்சூட்டும் குழு இறங்கிவந்து மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் இறங்கிவர 2023 ஆயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அப்போதுதான் தந்தது.

எல்லை அறிதல் அடுத்த பாடம். பட்டியலின் அடியில் புதிதாக ஐந்து வீட்டைச் சேர்த்துவிட்டு, கூட்டும் எல்லையை நீட்ட மறந்த பொருளாளர் வெட்கப்பட வேண்டியதில்லை. பொருளியலாளர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் அரசுக் கடன் பற்றி 2010-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் எக்செல்லிலும் சராசரி ஐந்து வரிசைக்கு முன்பே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் விட்டுப்போயின. 2013-ல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர். இங்கிலாந்திலோ 2020-ல், 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாத பழைய வகைக் கோப்பால் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் ஏறாமல் தாமதமாயின.

வண்ணவியல் பற்றிச் சுருக்கமாக. கட்டியவருக்குப் பச்சை, கட்டாதவருக்குச் சிவப்பு, 'நாளைக்குத் தரேன் சார்' என்றவருக்கு மஞ்சள் பூசுவது சங்க மரபு. அழகுதான். ஆனால் நிறத்தை எண்ணித் தரும் ஃபார்முலா எக்செல்லில் இயல்பாகக் கிடையாது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு 'கட்டியாச்சு', 'பாக்கி' என்று எழுதினால், கவுண்ட்-இஃப் நொடியில் எண்ணிவிடும். சம்-இஃப் பாக்கித் தொகையையும் சொல்லும். ஒரே நிபந்தனை, எல்லா வரிசையிலும் ஒரே எழுத்துக்கூட்டல். 'பாக்கி' ஒன்று, 'பாகி' ஒன்று என்றால் பின்னவர் கடனிலிருந்து விடுபட்டவர் ஆவார்.

எஞ்சியது தசம விவகாரம். ஜெனரேட்டர் டீசல் 2,500 ரூபாய், மூன்று பிளாக்குக்குப் பங்கு. பைசாவை மறைத்து ஃபார்மட் செய்த கட்டங்கள் ஒவ்வொன்றும் 833 என்று காட்டும். அடியில் மொத்தம் 2,500 என்று நிற்கும். எக்செல் மறைப்பது பார்வைக்குத்தான்; உள்ளே கணக்கில் 833.33 அப்படியே இருக்கிறது. பொதுக்குழுவுக்குக் கால்குலேட்டரோடு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி 833-ஐ மூன்று முறை கூட்டி, 2,499 என்று அறிவிப்பார். இரண்டும் சரி என்று சொல்லும் பொருளாளரை அன்று யாரும் நம்பமாட்டார்கள். ரவுண்ட் ஃபார்முலாவால் ஒவ்வொரு பங்கையும் உண்மையிலேயே 833 ஆக்கினால் கால்குலேட்டரும் எக்செல்லும் சமாதானமாகும். மிச்சமுள்ள ஒரு ரூபாயை எந்த பிளாக் தருவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும்.