பதினைந்தே நிமிஷம்

காலை ஆறரை மணிக்குச் சிதம்பரத்தில் வேன் கிளம்பியதும் வழிகாட்டித் தம்பி விசிலை ஒருமுறை ஊதிவிட்டுச் சட்டத்தை அறிவித்தார்: "எந்த இடமா இருந்தாலும் பதினஞ்சே நிமிஷம். டிபனுக்கு மட்டும் முக்கால் மணி." இரண்டாவது ஷரத்தை வேன் ஏகமனதாக வரவேற்றது.

முதலில் பூம்புகார். "பழைய பட்டினம் அதோ, அங்கதான் இருந்துச்சு" என்று கடலைக் காட்டினார். எல்லோரும் தண்ணீரைப் பயபக்தியோடு பார்த்தோம். பெரியம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"எந்த இடம்னு சரியாச் சொல்லு தம்பி."

"மூழ்கிடுச்சும்மா."

"அதான், மூழ்கின இடம் எது?"

தம்பி விசில் ஊதினார்.

அடுத்தது தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து இறங்கிய ஊர். அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை 225 வருஷம் இருந்தார்கள். எங்களுக்குப் பதினைந்து நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 15 வருஷம்.

கோட்டை வாசலில் செல்பி எடுக்க என் மனைவி நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் வந்துவிட்டார்கள். ஆறாவது நிமிஷம், 1706இல், சீகன்பால்கு கப்பலைவிட்டு இறங்கினார். குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகிய அந்த ஜெர்மானியர், அடுத்த முக்கால் நிமிஷத்துக்குள், 1715இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தே முடித்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் பள்ளியில் தமிழ் படித்த என் மகன் அருகில் நின்று "வாளைப்பளம் சாப்டலாமாப்பா?" என்று கேட்டான்.

கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. நிதானமாகத்தான் தின்றிருக்கிறது, அதற்கு விசில் ஊத ஆளில்லை.

மாலை பிச்சாவரம். துடுப்புப் படகில் நாங்கள் நாலு பேரும் தம்பியும். இருபுறமும் அலையாத்திக் காடு. தலைக்கு மேல் கிளைகள் கைகோத்த குறுகலான வாய்க்கால். "இதயக்கனி படத்துல எம்.ஜி.ஆர். இங்கதான்..." என்று தம்பி ஆரம்பித்தபோது படகு சேற்றில் உட்கார்ந்தது.

தம்பி வாட்ச்சைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் விசில் ஊதினார். ஒரு கொக்கு மட்டும் கட்டளைக்குப் பணிந்து பறந்தது.

"ஊதினா தண்ணி ஏறாது தம்பி" என்றார் துடுப்புப் போட்ட பெரியவர். "அது ஏறும்போதுதான் ஏறும்." சொல்லிவிட்டு வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தோம். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேர் வெளியே மூக்கை நீட்டி மூச்சு விடுகிறதாம். சுரபுன்னையிலோ விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கியது. வளர்ந்த பிறகுதான் கீழே விழுந்து வேர் பிடிக்குமாம். "வேலை கிடைச்சப்புறம் வீட்டைவிட்டுக் கிளம்புற பையன்" என்றார் பெரியம்மா, என் மகனைப் பார்த்து.

பெரியவர் துடுப்பால் இன்னொரு மரத்தைச் சுட்டினார். "அதைத் தொட்றாதீங்க. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். தில்லை மரம்."

பெரியம்மா நிமிர்ந்தார். ஐம்பது வருஷமாகச் சிதம்பரத்தில் குடியிருந்து, நாளுக்கு நூறு தடவை தில்லை தில்லை என்று சொல்பவர். "இதுவா? இத்தனை நாள் பேரைத்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்!" என்று, தொடாமல், தள்ளி உட்கார்ந்தபடியே கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்க நேரமாயிற்று. விசில் வரவில்லை.

ஒரு வேரில் ஒட்டியிருந்த சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதை எப்போது தொட்டது, எப்போது மூடியது என்று தெரியவில்லை. படகு மெல்ல அசைந்தது.

கரையேறியதும் தம்பி கைகளைப் பிசைந்தார். "மன்னிச்சுக்கணும், நாப்பது நிமிஷம் வீணாப் போச்சு."

பெரியம்மா அவர் தோளைத் தட்டினார். "அடுத்த தடவை எந்த இடத்துல சிக்குவோம்னு முன்னாடியே சொல்லிடு தம்பி. புளியோதரை கட்டிக்கிட்டு வர்றேன்."