வானம் தெரியும் பந்தல்

? யூதர்களுக்கும் பொங்கல் போல அறுவடைத் திருநாள் உண்டாமே? – உறையூர் வாசகி

உண்டு. பெயர் சுக்கோத், தமிழ் பைபிளில் கூடாரப் பண்டிகை. பெரும்பாலும் புரட்டாசியில் வரும். நாம் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அவர்கள் வீட்டை விட்டே வெளியே வந்து, ஏழு நாள் தழைப் பந்தலில் சாப்பிடுவார்கள். எகிப்திலிருந்து விடுபட்ட முன்னோர் 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்த நினைவுக்காக. களஞ்சியம் நிறைந்த வாரத்தில் வீடில்லாத காலத்தை நினைக்கச் சொன்ன மனசுக்கு ஒரு கும்பிடு!

? ஷாமியானா போதாதா? – தில்லைநகர் வாசகர்

போதாது. மண்ணில் முளைத்ததை வெட்டித்தான் கூரை மேய வேண்டும். வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்கணும். ராத்திரி அண்ணாந்தால் நட்சத்திரமும் தெரியணும். மழை வந்தால்? கூழ் கெட்டுப்போகிற அளவுக்குப் பெய்தால் உள்ளே போய்விடலாம் என்கிறது அவர்களுடைய பழைய சட்டநூலான மிஷ்னா. சமையலறை தெரிந்தவர் எழுதிய சட்டம்!

? கையில் ஏதோ பழம் வைத்திருக்கிறார்களே? – பாலக்கரை வாசகர்

எத்ரோக். நம் நார்த்தங்காய்க்கு நெருங்கிய சொந்தம். பேரீச்சங்குருத்து, மிருதுச்செடி, ஆற்றலரிக் கொப்புகளோடு சேர்த்துப் பிடித்து ஆட்டுவார்கள். பழத்தின் நுனியில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். அது ஒடிந்திருந்தால் பழம் செல்லாது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். காந்தி மார்க்கெட்டில் தேங்காயைத் தட்டிப் பார்க்கும் நம் பாட்டிகளே தோற்றுப்போவார்கள்!

? நம் பக்கத்தில் யாராவது கொண்டாடினார்களா? – லால்குடி வாசகி

கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடினார்கள். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

? இதெல்லாம் ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு எதற்கு? – ஸ்ரீரங்கம் வாசகர்

உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். ஜெருசலேமில் கோயில் இருந்த காலத்தில், இந்தப் பண்டிகையின்போது சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொற்குடுவையில் மொண்டு, எக்காளம் ஊத எடுத்துவந்து பலிபீடத்தில் வார்த்தார்கள். கி.பி. 70-ல் ரோமானியர் கோயிலை இடித்ததோடு அது நின்றுபோனது. மழை வேண்டும் ஜெபம் மட்டும் நிற்கவில்லை. ஏழு நாள் முடிந்த மறுநாள் இன்றும் நடக்கிறது. அறுத்த கையோடு அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கேட்பவன்தானே விவசாயி!

உங்கள் ஊரில் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடம். ஐப்பசி பிறந்தால் அம்மாமண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக்குடம், யானை மேல், நம்பெருமாள் திருமஞ்சனத்துக்கு. இந்த ஐப்பசியில் ஒரு நாளாவது விடிகாலையில் எழுந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போய்ப் பாருங்கள்.