மஞ்சள் சுவரைப் படம் எடுப்பது எப்படி?

இலையுதிர்கால வண்ணம் பார்க்க காஷ்மீர் போகக் காசில்லையா? புதுச்சேரிக்கு வாருங்கள். இங்கே மரம் மஞ்சளாகாது. சுவர் பன்னிரண்டு மாதமும் மஞ்சள்தான். கேமராவை எடுங்கள்.

1. விடியற்காலையில் வராதீர்கள். அப்போது கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழுந்து பூச்சின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டித் தொலைக்கும். நண்பகலில் துய்மா வீதியில் நில்லுங்கள். மூக்கின் நிழல் உதட்டில் விழும். மீசையில்லாதவர்களுக்கும் இலவசமாக முளைக்கும்.

2. எல்லாவற்றையும் ஆட்டோவில் விடுங்கள். ஃப்ரேம் முழுக்க மஞ்சளைக் கண்டால் ஒயிட் பேலன்ஸ் அதை விளக்கொளி என்று நினைத்து நீலத்தைக் கலக்கும், சுவர் வெளுக்கும். பிறகு சாச்சுரேஷனைக் கடைசிவரை தள்ளி மஞ்சளை மீட்டுவிடுங்கள். முகமும் மஞ்சளாகும். காமாலையா என்று அத்தை போனில் விசாரித்தால், ஃபில்ட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

3. காகிதப்பூவைப் பிரெஞ்சுப் பூ என்று எழுதுங்கள். புகேன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பெயர் அதற்கு இருக்கிறதே, போதாதா? அவர் கப்பலில் போன தாவரவியலாளர் கொமர்சோன் 1767-இல் அதைக் கண்டது பிரேசிலில் என்பதை யார் கேட்கப்போகிறார்கள்? நீங்கள் ரசிக்கும் ஊதா வெறும் பூவடிச் செதில். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அதைக் குனிந்து பார்த்து நேரத்தை வீணாக்காமல் ஒரு கிளையை ஒடித்துக் காதில் செருகுங்கள்.

4. கதவருகே போங்கள். அழைப்பு மணி, பால் பை, தபால் பெட்டி எல்லாம் செட் பொருட்கள். திடீரென்று கதவைத் திறந்து ஒரு அம்மா வந்தால், "ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம்" என்று அவரை அவர் வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்புங்கள்.

5. நீரோடையைப் பட்டுபோல எடுக்க டிரைபாட் வேறு தூக்கிவந்தீர்களே, அதற்குப் பெரிய வாய்க்கால் இருக்கிறது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் தேங்கிய தண்ணீர் பட்டாகாது. மூக்கைப் பொத்த ஒரு கை வேண்டுமென்பதால் படமும் ஆடும். ஆனால் வாய்க்காலை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அந்தப் பக்கம் வைசியாள் வீதி: திண்ணை, தாழ்வாரம், மரத்தூண். அதை மீட்டெடுத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. லைக் கிடைக்காது.

6. முன்னால் இன்னொரு ஜோடி நிற்கிறதா? வரிசையில் வாருங்கள். என்ன போஸ் என்று யோசிக்கவே வேண்டாம். சுவரில் முழங்கால் உயரத்தில் செருப்புத் தடம் பதிந்திருக்கும். அங்கே உங்கள் காலை வையுங்கள்.