பிஷப்பும் மாட்டுவண்டியும்

கேள்வி: திருச்சபையில் ஒருவர் தலைவராகவும் பணியாளராகவும் ஒருசேர இருக்க முடியுமா?
— வாசகர், சேலையூர்

பதில்: முடியும், அப்படி இருந்து காட்டியவர் உங்கள் பக்கத்துத் தாம்பரத்திற்கே வந்திருக்கிறார். 1938 டிசம்பரில், 1937இல்தான் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிய அனைத்துலக மிஷனரி மாநாட்டில் கலந்துகொண்ட வே. ச. அசரியா, நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப்பாக, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு அருட்பொழிவு செய்யப்பட்டவர். பிஷப் என்பவர் ஒரு மறைமாவட்டம் முழுவதற்கும் மேய்ப்பர். அந்த அதிகாரத்தை அவர் மாலா, மாதிகா மக்கள் வாழ்ந்த சேரிகளுக்கு மாட்டுவண்டியில் செல்வதற்கும், அங்கிருந்தே ஊழியர்களை உருவாக்குவதற்கும் பயன்படுத்தினார். பணிவிடைத் தலைமை, அதாவது பொறுப்பிலுள்ளவரின் அதிகாரம் அவருக்குக் கீழுள்ளோரின் உயர்வுக்கே செலவாவது, இதைவிடத் தெளிவாக விளங்காது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம் நட்பைத் தரும்படி வெளிப்படையாகக் கேட்டவரும் அவரே. பணிவு என்பது வாய்மூடி நிற்பதன்று என்பதற்கு அந்தப் பேச்சு போதும்.

இதே பணிவிடையின் அடையாளமாக இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை (யோவான் 13) நினைவுகூரும் சடங்கு பெரிய வியாழனன்று, ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கிறது. கால்களிலோ நாள்தோறும் புழுதி படிகிறது. ஆகவே சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்கான அடுத்த தேர்தலில், வேட்பாளரின் ஆதரவாளர்களை எண்ணுவதற்கு முன்பு, அவர் கடைசியாக எந்த நோயாளியின் வீட்டுக்குச் சென்றார் என்று வாசகர் விசாரிக்க வேண்டும்.