வேனும் மூன்று தலைநகரங்களும்

பல்லேபொலவிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு தலைநகரம் பார்க்கப் போகிறோம். முதலில் எதைப் பார்க்கலாம்?

எது தலைநகரம் என்று பாருங்கள்! காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பினால், நீங்கள் பார்த்தது கொழும்பை மட்டும்தான். தலைநகரம் கோட்டே; பாராளுமன்றம் 1982 முதல் அங்கேதான் இருக்கிறது. சதுப்பைத் தோண்டி வாவியாக்கி, அதன் நடுவே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா எழுப்பிய கட்டடம். செப்புக் கூரையைத் தூரத்திலிருந்தே காணலாம்.

அவ்வளவு தூரம் வேண்டாம், கண்டி போதும் என்கிறாள் மனைவி. என்ன செய்ய?

மனைவி சொன்ன பிறகு என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? கண்டியும் 1815 வரை தலைநகரம்தானே. அதுவும் வேண்டாமென்றால் சிகிரியா ஏறுங்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அரசாண்ட குன்று, உங்கள் மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. கோட்டேயைவிட டீசல் மிச்சம், மூச்சு செலவு.

கண்டிக்கே போனால் வாவிக்கரையில் கொஞ்சம் நில்லுங்கள். அதைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன், கண்டியின் கடைசி அரசன். ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். வாவி இங்கே, கல்லறை பாலாற்றங்கரையில்.

பாராளுமன்றத்துக்குள் எங்களை விடுவார்களா?

முன்கூட்டியே அனுமதி வாங்கினால் பார்வையாளர் கலரியில் உட்காரலாம். ஆனால் சத்தம் போடக்கூடாது. அந்த விதி கலரிக்கு மட்டும்தான்!